வலிக்காத தோட்டா

சாம்பலாற்றில் வெயில் தரையைத் தொடுவதில்லை. மலைச்சரிவில் காப்பியும் வாழையும் விளைகிற, இரண்டு தெருவும் ஒரு சந்தும் மட்டுமே உள்ள அந்த ஊருக்கு முதல்முறை வருகிறவர்கள், பேருந்து நிற்கும் இடத்திலிருந்து கோயில் வரை, கோயிலிலிருந்து சுடுகாட்டு வாய்க்கால் வரை, ஓலைப்பந்தலும் சாக்குப் படுதாவும் தார்ப்பாயும் அவரைக்கொடியுமாக ஊரே ஒரு நீளமான கல்யாண வீடு போல மூடிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, இங்கே மழை அதிகமோ என்று கேட்பார்கள். மழை அதிகம்தான், காரணம் அதுவல்ல. ஒச்சப்பன் தன் நிழலைப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகப் போட்ட பந்தல்கள் அவை. ஒச்சப்பனைச் சுட்டவர் அவருடைய மனைவியின் அண்ணன் காசிமாயன். சுடப்பட்ட விஷயம் ஊரில் ஒச்சப்பனுக்கு மட்டும் தெரியாமல் இருந்தது.

முறையாகச் சொன்னால் இது ஒரு பன்றியின் அலறலில் தொடங்குகிறது. காசிமாயனிடம் அப்போது இருந்தது தாத்தா காலத்துத் துப்பாக்கி. (துப்பாக்கி என்ற சொல்லே துருக்கியில் புறப்பட்டு, பாரசீகம் வழியாக நடந்து நம்மிடம் வந்து சேர்ந்தது என்பார்கள், அந்தத் துப்பாக்கியின் குண்டும் ஏறக்குறைய அதே வேகத்தில்தான் போகும்.) வாழைக்கிழங்கைத் தோண்டித் தின்ற பன்றியை அவர் சுட்டார், அது இடுப்பில் பட்டுக் காப்பிச் சரிவுக்குள் ஓடிப் புகுந்தது, தேடியவர்கள் கண்ணில் படாமல் நாள்கணக்கில் கிடந்து அலறியது. ஊரில் எல்லோரும் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார்கள். ஒச்சப்பனால் மட்டும் சோற்றில் கை வைக்க முடியவில்லை. அலறல் நின்ற காலையில் அவர் மச்சானைத் தேடி வந்து சொன்னார்:

"சுடுங்க மச்சான், வேணாங்கல. பயிரக் காப்பாத்த வேற வழியில்ல. ஆனா வலிக்காமச் சுடுங்க."

வேறு யார் சொல்லியிருந்தாலும் காசிமாயன் சிரித்திருப்பார். தங்கையைக் கட்டிக்கொடுத்த மாப்பிள்ளை, வாழ்நாளில் அவரிடம் வேறொன்றும் கேட்டிராத மனிதர், கேட்டுவிட்டார். பன்றியின் அலறல் ஏற்கெனவே காசிமாயனின் மார்புக்குள் குடியிருந்தது. அதைக் காலி செய்ய ஒரு வழி கிடைத்தது என்று நினைத்தார்.

இன்னொரு பழக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். சாம்பலாற்றுக்காரர்கள் வேட்டைக்குப் போகும்போது இடுப்பில் ஒரு சுரைக்குடுக்கைத் தண்ணீர் கட்டிக்கொண்டு போவார்கள். தங்கள் தாகத்துக்கு அல்ல. விழுந்த விலங்கின் வாயில் சுட்டவன் தண்ணீர் விட வேண்டும், அதன் காதில் குனிந்து தன் பெயரைச் சொல்லி, "சுட்டது நான், போய் வா" என்று விடை கொடுக்க வேண்டும். யார் கையால் போகிறோம் என்று தெரியாத உயிர் வாசலிலேயே நின்றுகொண்டிருக்கும் என்பது அவர்கள் கணக்கு. தண்ணீர் விடாத இறைச்சியை அங்கே எந்த வீட்டிலும் அடுப்பில் ஏற்ற மாட்டார்கள்.

காசிமாயன் புதுத் துப்பாக்கி செய்யக் கொடுத்தார். தூரத்து நகரத்தில் ஒரு கொல்லர் அதை அவருடைய தோள் அளவுக்கும் கை நீளத்துக்கும் சட்டை தைப்பதுபோலச் செய்து தந்தார். ஆனால் அதன் குழலடியில் கடையப்பட்ட அறைக்குள் உலகத்தில் எந்தக் கடையில் விற்ற தோட்டாவும் நுழையவில்லை. வேறொரு தோட்டாவின் பித்தளைக் கூட்டை எடுத்து, கழுத்தைச் சூடுகாட்டி இளக்கிச் சுருக்கி, நாமே கட்டிக்கொள்ள வேண்டும். அதற்கும் ஓர் அனுமதித் தாள் வேண்டும். அது கிடைத்த கதையைச் சொன்னால் இந்தக் கதையை விட நம்ப முடியாததாக இருக்கும்.

மனைவி இல்லாத வீடு. சமையலறை அப்படியே தோட்டா கட்டும் பட்டறையாக மாறியது. நகைத் தராசில் வெடிமருந்தை மணிமணியாக நிறுத்தார். கூட்டின் அடியில் பொறி கிளப்பும் சின்ன மூடியை அழுத்தினார், மருந்தைக் கொட்டினார், குண்டைக் கழுத்தில் உட்கார்த்தினார், ஒரு மயிரிழை உள்ளே, ஒரு மயிரிழை வெளியே என்று மாற்றி மாற்றி உட்கார்த்தினார். தோட்டா கட்டுவது சமையல் மாதிரி என்று சொல்கிறவர்கள் இரண்டையும் அறியாதவர்கள். சமையலில் உப்பு கூடினால் சாப்பிடுகிறவர் முகத்தைச் சுளிப்பார், இங்கே மருந்து கூடினால் சுளிப்பதற்கு முகம் இருக்காது. கட்டியவற்றை எடுத்துக்கொண்டு பாறைப் பள்ளத்துக்குப் போய்ச் சுட்டுப் பார்ப்பார். முதலில் அட்டையில் குண்டுகள் ஒரு தட்டு அகலத்துக்குச் சிதறின, பிறகு ஓர் உள்ளங்கை அகலத்துக்கு, பிறகு ஒரு காசு அகலத்துக்கு, காப்பி பூத்து உதிர்ந்த பருவத்தில் எல்லாக் குண்டும் ஒரே ஓட்டைக்குள் போயின, தங்கை பவுன்தாய் கொடுத்தனுப்பிய குழம்பு தொடப்படாமல் புளித்தது, அவர் அதோடும் நிறுத்தவில்லை. ஓட்டை ஒன்றானது போதாது. ஓட்டை விழுந்தது அட்டைக்குத் தெரியக் கூடாது என்றார்.

கடைசியாக ஒரு மண்பானையில் தண்ணீர் நிரப்பி வைத்துச் சுட்டார். குண்டு ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறியது. பானையில் எதிரெதிராக இரண்டு ஓட்டைகள். சொட்டுத் தண்ணீர் ஒழுகவில்லை. பானைக்குச் செய்தி போய்ச் சேரவேயில்லை.

அன்றைக்கே அவர் பயந்திருக்க வேண்டும். பெருமைப்பட்டார். பானையை வீட்டுக்குத் தூக்கி வந்து அடுப்பு மேடையில் வைத்தார்.

மறுபடி ஒரு பன்றி வந்தது. வனத்துறை நூறு நிபந்தனை போட்டு ஒரு தாளைக் கொடுத்தது. விடியலில் ஒச்சப்பன் வாழைத் தோட்டத்தின் மேல் வரப்பிலிருந்து தட்டி ஓட்டுவது, காசிமாயன் கீழே காத்திருந்து சுடுவது என்று ஏற்பாடு. ஓட்டுகிறவர் பாறைக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். ஆனால் வலிக்காத சாவு எப்படி இருக்கும் என்று பார்க்க ஒச்சப்பனுக்கு ஆசை இருந்தது. தானே கேட்டு வாங்கியது அல்லவா? வாழை இலைகளுக்கிடையில் அவர் இறங்கி வந்தார். காசிமாயன் பன்றியை மட்டுமே பார்த்தார். அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் வேட்டையின் முதல் பாடம். அவர் தோட்டாவை யோசித்துக்கொண்டிருந்தார்.

சுட்டார். பன்றி தலையைத் தூக்கி, யாரோ கூப்பிட்டதுபோல ஒருமுறை பார்த்துவிட்டு, மறுபடி கிழங்கைத் தோண்டியது. தின்று முடித்து நிதானமாக நடந்து போனது. இலைகளை விலக்கிக்கொண்டு ஒச்சப்பன் வந்தார்.

"விட்டுட்டீகளா மச்சான்? பரவால்ல விடுங்க. நெஞ்சுக்குள்ள காத்து ஒண்ணு பூந்து போனாப்புல இருந்துச்சு, நல்லாக் குளிர்ச்சியா."

அப்போதுதான் மலைக்கு மேலே சூரியன் ஏறியது. ஒச்சப்பனின் நிழல் வாழைத்தண்டின் மேல் விழுந்தது. நிழலின் நடுவே, இடது மார்பு இருக்க வேண்டிய இடத்தில், காசு அளவுக்கு ஒரு வெளிச்சம் இருந்தது.

காசிமாயன் அவருக்குப் பின்னாலேயே வீடுவரை நடந்தார். இடுப்பில் சுரைக்குடுக்கை நிறைந்து தளும்பிக்கொண்டே வந்தது.

பவுன்தாய் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கணவன் குளிக்கப் போக, அவர் முதுகைப் பார்த்தாள், தரையில் நிழலைப் பார்த்தாள், அண்ணன் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த வேட்டியை மறுபடி ஒருமுறை பிழிந்தாள்.

"அவருக்குத் தெரியுமாண்ணே?"

"தெரியாது."

"அப்ப இருக்கட்டும்."

மதியத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஒருவரும் கூட்டம் போடவில்லை, சத்தியம் வாங்கவில்லை. டீக்கடைப் பரமன்தான் முதலில் கடைக்கு முன்னால் ஒரு சாக்கைக் கட்டினார். வெயில் கண்ணைக் கூசுகிறது என்றார். அடுத்த கடைக்காரர் தார்ப்பாய் கட்டினார். பிறகு தெரு முழுக்க அவரவர் வாசலுக்குப் பந்தல் இறங்கியது, பந்தலுக்கும் பந்தலுக்கும் நடுவிலிருந்த இடைவெளியில் கொடிகள் ஏறின, ஒச்சப்பன் திறந்த இடத்தில் நடக்க நேர்ந்தால் யாராவது ஒருவர் குடையோடு ஓடிவந்து, "வாங்கண்ணே, அந்தப் பக்கமாத்தான் போறேன்" என்று கூடவே நடந்தார். மார்பில் புதிதாக ஒரு மச்சம் வந்திருக்கிறதே என்று ஒச்சப்பன் கேட்டபோது, கல்யாணத்தன்றே அதைப் பார்த்திருக்கிறேன் என்று பவுன்தாய் சொல்லிவிட்டாள். சட்டையில் ஓட்டை விழுந்ததற்கு ஓர் எலி பொறுப்பேற்றது.

கோயிலில்தான் கொஞ்சம் சிக்கல். செத்தவர் சந்நிதிக்குள் வரலாமா என்று ஒரு கேள்வி எழுந்தது. பூசாரி சாஸ்திரம் தெரிந்தவர். சாவுத் தீட்டு என்பது செய்தி காதில் விழுந்த நொடியிலிருந்துதான் கணக்கு, கேட்காதவரைத் தீட்டு தொடாது, இந்த ஊரில் யாரும் யாருக்கும் எதையும் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை என்று திருநீற்றை அள்ளிக் கொடுத்தார். மலையடிவாரக் கீழ்நாட்டு மருத்துவர் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டுவிட்டு, சத்து மாத்திரை எழுதினார். ரேஷன் கடை இயந்திரம் ஒச்சப்பனின் விரல் ரேகையை ஏற்க மறுத்தது. அது ஊரில் உயிரோடிருந்த பாதிப் பேருடைய ரேகையையும் மறுத்துக்கொண்டிருந்ததால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்படியாக, ஒரு மனிதன் உயிரோடிருப்பதற்குத் தேவையானவை என்று நாம் நினைக்கிற பலவும், மூச்சு உட்பட, உண்மையில் அவ்வளவு தேவையில்லை என்றும், சுற்றியிருப்பவர்கள் வாயை மூடிக்கொண்டிருந்தாலே பெரும்பகுதி ஓடிவிடும் என்றும் சாம்பலாறு கண்டுகொண்டது.

அதே குண்டு துளைத்துப்போன பன்றியும் அப்படியே இருந்தது. அது தின்ற கிழங்கு குறையவில்லை, மிதித்த நாற்று மடியவில்லை, அதனால் அதன்மேல் யாருக்கும் புகார் இல்லை. கூட்டம் அதை விட்டு விலகிப் போய்விட்டது. சாயங்காலம் ஆனால் அது இறங்கி வந்து காசிமாயன் வீட்டுப் படலுக்கு வெளியே நின்று அவரையே பார்க்கும். பார்வையில் கோபம் இல்லை. தாலுகா ஆபீசில் தன் பெயரைக் கூப்பிடுவார்கள் என்று நிற்கிறவர் பார்ப்பாரே, அப்படி. முறைத்திருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார்.

அறுவடை முடிந்தபோது ஒச்சப்பனுக்குத் தாகம் எடுக்கத் தொடங்கியது.

முதலில் ஒரு செம்பு கூடுதலாகக் குடித்தார். பிறகு குடம். பரமன் டீயை விட்டுவிட்டு அவருக்காக மோர் கலக்கினார், பக்கத்து வீட்டார் இளநீர் சீவினார்கள், பவுன்தாய் நன்னாரி போட்டுப் பானகம் கரைத்தாள். எதுவும் நாக்கைத் தாண்டி இறங்கவில்லை. உதடு வாழைச்சருகு போல வெடித்தது. ஏதோ ஒரு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தது மாதிரி இருக்கிறது, என்ன என்று நினைவுக்கு வரவில்லை என்று சொல்லி தினமும் வாழைத் தோட்டத்துக்குப் போய், நின்ற இடத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தார். போகும்போதும் வரும்போதும் மச்சான் வீட்டு வாசலில் ஒரு நிமிடம் நின்றார்.

அவருக்கு வேண்டியது எந்தத் தண்ணீர் என்று காசிமாயனுக்குத் தெரியும். ஊருக்கும் தெரியும். தெரிந்தாலும், தன் கையால் நிச்சயித்துக்கொள்ளாமல் எதையும் நம்பாத மனிதர் அவர். ஒரு சாயங்காலம் படலைத் திறந்துகொண்டு போய்ப் பன்றியின் முன்னால் குந்தி, அதன் வாயில் தண்ணீர் விட்டு, காதில் தன் பெயரைச் சொன்னார். பன்றி பெருமூச்சு விட்டது. முன்கால்களை மடித்து, அவர் பாதத்தின் மேல் மோவாயை வைத்துப் படுத்தது. பிறகுதான் அதன் விலாவிலிருந்து ரத்தம் வந்தது. முறைப்படி பங்கு போட வேண்டிய இறைச்சிதான், ஆனால் ஒரு வீட்டிலிருந்தும் யாரும் பாத்திரம் எடுத்து வரவில்லை. அவரே குழி தோண்டினார்.

இனித் தனக்குத் தெரியாது என்று காசிமாயன் சொல்லிக்கொள்ள வழியில்லை. தங்கையிடம் போனார். போகும்போது சொல்லிவிடுவதென்றுதான் போனார். பவுன்தாய் நெற்றியில் பொட்டோடு, கழுத்தில் தாலியோடு, மகள் செல்வமீனாவின் கல்யாணத்துக்கு மஞ்சள் இடித்துக்கொண்டிருந்தாள். தை மாதம் முகூர்த்தம். பத்திரிகையில் ஒச்சப்பன் பெயருக்கு முன்னால் "திரு" அச்சாகி வந்திருந்தது. காசிமாயன் பத்திரிகையைக் கையில் எடுத்தார், தாளைத் தடவினார், பன்றி விஷயத்தைச் சொன்னார், சொல்லிவிட்டு, "கல்யாணம் முடியட்டும் தாயி" என்றார். அவள் உலக்கையை நிறுத்தவில்லை. சம்மதம் என்று அவர் எடுத்துக்கொண்டார். வாசலைத் தாண்டும்போது மனசு லேசாக இருந்ததை அவர் கவனித்தார். அதற்காகத் தன்னை அவர் எப்போதுமே மன்னிக்கவில்லை. மற்றதற்கெல்லாம் கைதவறியது என்றாவது ஒரு சொல் இருந்தது.

மார்கழி முழுக்க ஒச்சப்பன் பனியை நக்கினார். கதையாகச் சொல்லவில்லை, விடிந்ததும் எழுந்து போய் அவரையிலையில் தேங்கிய பனித்துளிகளை ஒவ்வொன்றாக நக்கினார். பார்த்தவர்கள் வேறு பக்கம் திரும்பி, பந்தலில் ஓட்டை இருந்த இடத்தைத் தைத்தார்கள்.

தையில் கல்யாணம். கோயில் பந்தலுக்குள் மேளம் அடித்தது, தாய்மாமன் முறைக்குக் காசிமாயன் பட்டும் பழமும் தட்டில் வைத்து, மருமகளின் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வந்தார். தாரை வார்க்கும் நேரம் வந்தது. பெற்றவர் செம்பிலிருந்து தண்ணீரை வார்த்துத்தான் பெண்ணைக் கொடுக்க வேண்டும். ஒச்சப்பன் கையில் செம்பைக் கொடுத்தார்கள். அவர் செம்புக்குள் பார்த்தார். மேளம் அடித்தவர்கள் கை தானாக மெதுவானது. வெடித்த உதடுகள் ஒருமுறை திறந்து மூடின, தொண்டை ஏறி இறங்கியது, செம்பு வாய்க்கு நேராக அரை முழம் உயர்ந்தது, ஊர் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பிறகு அவர் செம்பைச் சாய்த்து, கடைசிச் சொட்டு வரை மகளின் கையில் வார்த்தார். விரலில் ஒட்டியிருந்த ஈரத்தைக்கூட அவள் தலையில் துடைத்தார்.

மகளும் மருமகனும் வேனில் ஏறிப் போனதும் பவுன்தாய் அண்ணன் எதிரே வந்து நின்றாள்.

"போய்க் குடுத்துருண்ணே. இனி எம்பேரச் சொல்லித் தள்ளிப் போடாத."

அவர் வீட்டுக்குப் போய் சுரைக்குடுக்கையை எடுத்தார். வைத்தார். அடுப்பு மேடையிலிருந்த ஓட்டைப் பானையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். அப்போதும் அது ஒழுகவில்லை.

ஒச்சப்பன் வாழைத் தோட்டத்தில், வழக்கமாக நிற்கும் இடத்தில், கல்யாணப் பட்டு வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். மச்சானையும் பானையையும் பார்த்தார்.

"என்ன மச்சான், பந்திக்கு இங்க வந்து தண்ணி வைக்கிறீக?"

காசிமாயன் பானையை இறக்கி வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். மாப்பிள்ளையின் தலையை மடியில் சாய்த்துக்கொண்டு, பானையைச் சரித்து உள்ளங்கையில் ஏந்தி, வாயில் விட்டார். முதல் வாய் உள்ளே இறங்கியது. இரண்டாவது வாய் இறங்கியது. ஒச்சப்பன் கண்ணை மூடி, "இதுதான் தண்ணி" என்றார். காசிமாயன் குனிந்தார். பெயரைச் சொல்ல வேண்டும். ஊரே வாயை மூடிக் காத்துவந்த செய்தி அவர் நாக்கில் வந்து நின்றது.

"மாப்ள. சுட்டது நான். காசிமாயன். போய் வா."

ஒச்சப்பன் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தார். நெடுநாளாக நினைவுக்கு வராத ஒன்று நினைவுக்கு வந்துவிட்ட நிம்மதி அந்த முகத்தில் இருந்தது. ஏசுவார் என்று காசிமாயன் காத்திருந்தார். ஏச வேண்டும் என்று வேண்டினார்.

"வலிக்கவே இல்ல மச்சான்," என்றார் ஒச்சப்பன். "சொன்ன மாதிரியே செஞ்சிட்டீக."

அந்த நொடியில் பக்கத்திலிருந்த பானை இரண்டு பக்கமும் ஒழுகத் தொடங்கியது. அது காலியாகி முடிவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

பவுன்தாய் அழுத சத்தம் கீழ்நாடு வரை கேட்டது என்பார்கள். சேர்த்து வைத்திருந்த அழுகை அல்லவா? பூசாரி அன்றிலிருந்து தீட்டுக் கணக்கிட்டார். காசிமாயன் துப்பாக்கியைக் கொண்டுபோய்ப் போலீஸ் ஸ்டேஷனில் வைத்து, கொன்றுவிட்டேன் என்றார். செத்தவர் தை மாதம் மகளைத் தாரை வார்த்ததைப் பார்த்த சாட்சிகள் ஊர் முழுக்க இருந்தார்கள், சுட்டதாகச் சொன்ன நாளோ போன சித்திரை. எழுதிக்கொள்ள முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தங்கை அவரைத் திட்டவில்லை. குழம்பு கொடுத்தனுப்புவதையும் நிறுத்தவில்லை.

பந்தல்களைப் பிரித்துவிடலாம் என்று பேச்சு வந்தது. முதலில் பிரிக்கப்பட்டது காசிமாயன் வீட்டு வாசல் பந்தல், அவரே பிரித்தார். உச்சி தாழ்ந்ததும் வாசலில் இறங்கி, சட்டையைக் கழற்றிவிட்டு, வெயிலில் நின்று, தரையில் விழுந்த தன் நிழலைக் குனிந்து பார்ப்பார். தலை, தோள், மார்பு என்று தேடுவார். திரும்பி நின்று பார்ப்பார். நிழல் முழுதாக இருந்தது. எங்கேயும் ஓர் ஊசிமுனை வெளிச்சம்கூட இல்லை. அதைப் பார்த்துவிட்டு அவர் அங்கேயே உட்கார்ந்துவிடுவார், பொழுது சாய்ந்து நிழல் தானாகக் கரையும் வரை எழமாட்டார்.

சில நாள் பொறுத்துப் பார்த்தார்கள். பிறகு ஒரு காலையில் பரமன் ஏணியோடு வந்து, காசிமாயனிடம் ஒன்றும் கேட்காமல், அவர் வாசலுக்கு ஒரு தார்ப்பாயை இழுத்துக் கட்டினார். வெயில் கண்ணைக் கூசுகிறது என்றார். மற்ற பந்தல்களையும் அப்புறம் யாரும் பிரிக்கவில்லை.